மேடம் காட்டுற ரோடு

...இல்ல மாப்பிள்ளே, நீங்க அந்த ஸ்கிரீனைப் பார்க்காதீங்க. அது அப்படித்தான் காட்டும். காருக்குக் கீழ ரோடே இல்லாத மாதிரி, வெறும் பச்சையா... பயப்படாதீங்க, நாம ரோட்டுல தான் போறோம். இந்த ஹைவே போட்டது மெஷினுக்குத் தெரியாது, அவ்வளவு தான். பாவம், அதுக்கு யாரும் சொல்லல. கொஞ்ச தூரம் இப்படியே காட்டுக்குள்ள நீந்திட்டுப் போகும். அப்புறம் எங்கயாச்சும் ஒரு பழைய ரோடு வந்தா கப்புன்னு பிடிச்சிக்கும்.

சிரிக்கிறீங்களா? சிரிங்க சிரிங்க. கல்யாண மாப்பிள்ளை சிரிச்ச மொகமா இருக்கணும். என் தங்கச்சி அமுதவள்ளி இந்த ஸ்கிரீனைப் பார்த்தா சிரிக்க மாட்டா. உங்களுக்கு மாமியாராகப் போறவ, நான் அதிகம் பேசக்கூடாது... ஆனா அவ வாய் இருக்கே, அடேயப்பா, ஆலமாக்! "அண்ணே, இந்த ஜி.பி.எஸ்ஸைத் தூக்கிக் குப்பையில போடு, இல்ல நீ ஓட்டறதை நிறுத்து"ங்கறா. அதுவும் எப்ப? நேத்து நலங்குல, அத்தனை சனம் கூடியிருக்கறப்ப! நான் விடுவேனா? சொன்னேன், கார்த்திகாவுக்குத் தாய்மாமன் நான். மாப்பிள்ளையை அழைச்சிட்டு வர்ற உரிமை என்னோடது. இந்த சிவநேசன் கார்ல, இதே மெஷினை வெச்சுத்தான் மாப்பிள்ளையைக் கொண்டாந்து கோயில் வாசல்ல இறக்குவேன், பார்த்துக்கன்னு சொல்லிட்டேன்.

ஏசி போதுமா? பட்டு ஜிப்பா நனையுதே. இதுக்கு மேல கூட்டினா வண்டி இழுக்காது.

உங்க தோழன் குருவும் நம்மகூட வந்திருக்கலாம், பாவம். பின் சீட்டு பூரா தட்டு. வேன்ல எடம் இல்லாத பழத்தட்டு, பலகாரத்தட்டு எல்லாத்தையும் உங்க அம்மா இதுல ஏத்திட்டாங்க. அவரும் வேன்ல போயிட்டாரு. உங்க போனு? அவர் கிட்டயா? அதானே, வேட்டியில பாக்கெட்டு ஏது. என் போனா? அது... அது வீட்டுலயே சார்ஜ்ல போட்டு மறந்துட்டேன் மாப்பிள்ளே. எதுக்கு போன்? மேடம் இருக்காங்க.

மேடம்னா இவங்க தான். இந்த மெஷின்ல பேசுற அம்மா. லோயாட் எலக்ட்ரானிக்ஸ் மால்ல வாங்கினது. இதை வாங்கறப்ப கார்த்திகா ரெண்டு ஜடை போட்டுக்கிட்டு பள்ளிக்கூடம் போயிட்டு இருந்தா. கடைசி அப்டேட்டும் அந்த வருஷம் தான். அதுக்கப்புறம் அந்தக் கம்பெனியையே மூடிட்டாங்க. கடைக்காரன் கிட்ட போய்க் கேட்டேன், "அங்கிள், இதெல்லாம் மியூசியத்துக்குக் குடுங்க"ங்கறான். கழுதை! புதுசா விக்கத் தெரிஞ்சவனுக்கு வித்ததைப் பார்த்துக்கத் தெரியல.

ஆங், பழைய ஃபெடரல் ஹைவேக்கு வந்துட்டோம், கேளுங்க கேளுங்க. "டோல் பிளாசா அஹெட்"டாம். பத்து தீகாங்கற எடத்துல இருந்த டோலைச் சொல்றாங்க. அதை எடுத்து எத்தனை வருஷம் ஆச்சு! ஃபெடரல் ஹைவேயில டோலே கிடையாது. ஆனா மேடம் விட மாட்டாங்க. அவங்க சொன்னதும் நானும் ஒவ்வொரு தடவையும் தானா ஸ்லோ பண்றேன், கை தானா கார்டைத் தேடுது. பின்னாடி வர்றவன் ஹார்ன் அடிக்கிறான். அடி, அடி. எங்களுக்குப் பழக்கம் தான்.

நேரத்துக்குக் கவலைப்படாதீங்க. முகூர்த்தம் பதினொன்னுக்குள்ள தானே? கோயில் மண்டபத்துல பன்னெண்டுக்கு வேற ஜோடி புக் பண்ணியிருக்காங்க, தள்ளிப் போட முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனா ஒண்ணு யோசிங்க. கார்த்திகாவுக்கு அப்பா இல்ல. நானும் என் வீட்டுக்காரி புஷ்பவல்லியும் தான் உட்கார்ந்து தாரை வார்க்கணும். புஷ்பா காலையிலயே கோயிலுக்குப் போயிட்டா. அப்ப மணவறைக்கு வேண்டிய ஆம்பளைங்க ரெண்டு பேரும் இந்தக் கார்ல இருக்கோம். நாம போகாம அங்க ஒண்ணும் நடக்காது. அதனால தான் நான் டென்ஷன் ஆகறதே இல்ல.

ஏன் மாப்பிள்ளே, நீங்க ஆகறீங்களா?

சரி, இதைச் சொல்லுங்க. நீங்க சைபர்ஜெயாவுல கம்ப்யூட்டர் வேலை. பேங்குக்கு ஆப் செய்யறீங்கன்னு கார்த்திகா சொன்னா. உங்களைத் தான் கேக்கணும்னு இருந்தேன். இந்தப் பழைய சாப்ட்வேர், அப்டேட் நின்னு போனது, அதை வெச்சுக்கலாமா வேணாமா? உண்மையைச் சொல்லுங்க, மாமா கோவிச்சுக்குவாருன்னு பார்க்காதீங்க... இருங்க, நீங்க சொல்றதுக்கு முன்னாடி நான் சொல்லிடறேன். உங்க ஆப் என்கிட்டயும் இருக்கு. மாசாமாசம் அப்டேட். எதுக்கு? இந்தப் பக்கம் இருந்த பட்டனை அந்தப் பக்கம் வைக்கிறதுக்கு! நேத்து வரைக்கும் கரண்டு பில்லு கட்டத் தெரிஞ்ச மனுஷன், காலையில எழுந்தா முட்டாள். பேங்குக்கு நேராவே போயிடலாம்னு போனா, அங்க இருக்கற பொண்ணு சொல்லுது, "அங்கிள், ஆப்ல பண்ணுங்க". அடேய்!

போர்ட் கிள்ளான் துறைமுகத்துல நான் வேலை செஞ்ச லோரி கம்பெனி உங்களுக்குத் தெரியாது. கன்டெய்னர் எங்க நிக்குது, எந்த லோரி எதை ஏத்துது, எல்லாத்துக்கும் ஒரு பழைய புரோகிராம் வெச்சிருந்தோம். கறுப்பு ஸ்கிரீன், பச்சை எழுத்து. மௌஸ் கிடையாது, படம் கிடையாது. அதை எழுதின சீனர் ஆஸ்திரேலியா போயே செட்டில் ஆயிட்டாரு. மேனேஜர் மாறும்போதெல்லாம் ஒரு புது சிஸ்டம் வரும். கோட்டு போட்டவங்க வருவாங்க, கேக் வெட்டுவாங்க. ஒரே வாரம்! ஒரு மழைக்கு லைன் போச்சுன்னா கேட்டுக்கு வெளிய கிள்ளான் டவுன் வரைக்கும் லோரி நிக்கும். அப்புறம் மேனேஜரே மெதுவா வருவாரு. "நேசன், அந்தப் பழசு இன்னும் இருக்கா?" இருக்கு பாஸ். இது எங்க போகப் போகுது. நான் ரிட்டையர் ஆகிற வரைக்கும் அதுல தான் ஓடுச்சு.

இதை அமுதாகிட்ட சொன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? "அண்ணே, அந்தக் கன்டெய்னர் யார்டு இருந்த எடத்துலயே இருந்துச்சு. ரோடு அப்படியா இருக்கு?" வாயில முறுக்கு இருக்கற மாதிரி மென்னுக்கிட்டே இருந்தேன். இன்னமும் யோசிச்சிட்டுத் தான் இருக்கேன்.

அவ சொல்றதுலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு, இல்லேங்கல. இதை யார்கிட்டயும் சொல்லாதீங்க... போன தீபாவளிக்கு முன்ன தீபாவளி, பூச்சோங்ல என் கூட்டாளி சுகுமாறன் வீட்டுல ஓப்பன் ஹவுஸ், யாரு வேணா வந்து சாப்பிட்டுப் போகலாம். புது வீடு. நானும் புஷ்பாவும் கெளம்பினோம். மேடம் சொன்ன எடத்துல இறங்கினோம். வாசல்ல கோலம், கலர் லைட்டு, நிறைய செருப்பு. உள்ள போனா வாங்க வாங்கன்னாங்க. உட்கார வெச்சாங்க. மட்டன், கோழி, சுட்ட தோசை... நான் ரெண்டு தடவை போட்டுக்கிட்டேன். புஷ்பா முறுக்கு டின்னைக் குடுத்தா, அவங்க வாங்கி உள்ள வெச்சாங்க. பிள்ளைங்களுக்குக் கவர்ல காசு வெச்சு அங்பாவ் குடுத்தேன். வெளிய வந்து செருப்பைப் போட்டுக்கிட்டு புஷ்பா கேக்கறா, "ஏங்க, சுகுமாறன் எங்கங்க? காணவே இல்லையே!" அப்பத்தான் எனக்கும் உறைக்குது. அந்த வீட்டுல இருந்த ஒருத்தரையும் எங்களுக்குத் தெரியாது! அவங்களும் கேக்கல, நாங்களும் கேக்கல. சுகுமாறன் வீடு அடுத்த குடியிருப்புல, பக்கத்துத் தாமான்ல. அங்க போய் மறுபடி சாப்பிட்டோம், வேற வழி?

சிரிக்காதீங்க மாப்பிள்ளே, பொட்டு அழியுது.

ஆனா இதையும் பாருங்க. அந்த வீட்டுல நல்லாத்தான் கவனிச்சாங்க. உங்க போன் மேப்பு மட்டும் என்ன ஒழுங்கா? புஷ்பாவை ஒரு தடவை ஷார்ட்கட்டுன்னு சொல்லி நேரா பாசார் மாலாம், ராத்திரிச் சந்தை நடுவுல கொண்டு போய் விட்டுருச்சு. முன்னாடி அப்பம் பாலிக் சுடறவன், பின்னாடி துணிக்கடை. கடை மூடற வரைக்கும் கார்லயே உட்கார்ந்திருந்தா. அது புத்திசாலியாம், நிமிஷத்துக்கு நிமிஷம் யோசிக்குமாம். நிமிஷத்துக்கு நிமிஷம் மனசை மாத்தறவளை நம்பி எப்படிப் போறது? மேடம் அப்படி இல்ல. சொன்னா சொன்னது தான்.

அதோ முன்னாடி போகுது பாருங்க உங்க வேன். நேரா போறாங்க... மேடம் லெஃப்ட் எக்ஸிட் எடுக்கச் சொல்றாங்க. என்ன சொல்றீங்க, வேன் பின்னாடியே போகலாமா? ச்சே, மாப்பிள்ளை கார் பின்னாடி வேன் வரணுமே தவிர, வேன் பின்னாடி மாப்பிள்ளை போறதா? பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க. கிள்ளான்ல எனக்குத் தெரியாத ரோடா? இந்தப் பக்கம் போனா நமக்கு முன்னாடியே... அவங்களுக்கு முன்னாடியே போயிடலாம். கையை உயர்த்திக் காட்டுங்க, குரு பார்க்கறாரு. ஏன் அவரு இப்படிக் கையை ஆட்டறாரு? டாட்டா காட்டறாரு போல. காட்டுங்க, நீங்களும் காட்டுங்க.

ஆங். எக்ஸிட்ல கொஞ்ச நேரம் பச்சை காட்டுச்சு, பாருங்க, மறுபடி ரோட்டைப் பிடிச்சிடுச்சு. ஸ்கிரீன்ல பச்சை போயி மஞ்சக் கோடு வந்துருச்சா? நான் தான் சொன்னேனே. இதெல்லாம் அப்ப தோட்டம் மாப்பிள்ளே, இந்தப் பக்கம் பூரா செம்பனை மரம். எல்லாம் மாறிப் போச்சு, ஆனா ரோடு அதே ரோடு. மேடத்துக்கு இங்க எல்லாம் அத்துப்படி.

ரைட்டு... நேரா... இந்த லோரியெல்லாம் எதுக்கு ஓரமா நிறுத்தியிருக்கான்... இன்னொரு ரைட்டு.

என்னது? "யூ ஹேவ் அரைவ்ட்"டா?

எங்க மேடம் அரைவ்ட்?

மாப்பிள்ளே... இது கிடங்கு மாதிரி இல்ல? இரும்பு கேட்டு, கன்டெய்னர்... கோபுரம் எங்க? பின்பக்கமா வந்துட்டோமோ. இருங்க, வாட்ச்மேன் வர்றாரு, ஜாகா. சல்யூட் வைக்கிறாரு பாருங்க, மாலையையும் காரு ரிப்பனையும் பார்த்துட்டு பெரிய ஆளுன்னு நினைச்சிட்டாரு போல. பாய்! பாய், தெம்பிள்! இந்து தெம்பிள்! கோயில், கோயில்! ...தியாடா? இல்லையா? நேப்பாள்காரரு, அவருக்கு எங்க தெரியும். வந்து ரெண்டு மாசமாம். ஞாயித்துக்கிழமை, வேற ஒரு மனுஷன் கூட காணோமே.

இருங்க. இருங்க. யோசிக்கிறேன்.

அடக் கடவுளே.

மாப்பிள்ளே, நீங்க கோவப்படக் கூடாது. இது தான் கோயில். அதாவது... இது தான் கோயில் இருந்த எடம். தோட்டத்தை வித்ததும் கோயிலை மாத்திட்டாங்க. வேற எடம் குடுத்து, புதுசாக் கட்டி, கும்பாபிஷேகம் பண்ணி... பல வருஷம் ஆச்சு. எனக்கு எப்படித் தெரியும்னா கேக்கறீங்க? தெரியாம என்ன? அம்மனைக் கொண்டு போனதே நான் தான்! எங்க கம்பெனி லோரி, நான் தான் பாஸ்கிட்ட கெஞ்சி வாங்கினேன். மஞ்சத் துணி கட்டி, வைக்கோல் பரப்பி, பின்னாடி உட்கார்ந்து அம்மனை ரெண்டு கையால அணைச்சுப் பிடிச்சிக்கிட்டுப் போனேன். ஊரே கும்பிட்டுச்சு. அந்த நான் தான் இன்னிக்கு மாப்பிள்ளையை அலங்காரம் பண்ணி கன்டெய்னர் யார்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கேன்.

அப்ப புதுக் கோயிலுக்கு வழி தெரியும்லன்னா கேக்கறீங்க? இல்ல மாப்பிள்ளே. அன்னிக்கு நான் பின்னாடி அம்மனைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன், ரோட்டை யாரு பார்த்தா. அதுக்கப்புறம் எத்தனையோ தடவை போயிருக்கேன், ஆனா புஷ்பா தான் ஓட்டுவா. நான் பக்கத்துல பேசிக்கிட்டே வருவேன். பேசி முடிக்கறதுக்குள்ள கோயில் வந்துடும். வழியை யாரு கவனிச்சா?

மெஷினைத் திட்டலாம்னு பார்த்தா அதுவும் முடியல. "அம்மன் கோயில்"னு இந்த எடத்தை அதுல பதிஞ்சு வெச்சதே நான் தான். பழைய கோயில் வாசல்ல நின்னு, நானே டைப் பண்ணி சேவ் பண்ணேன். பெருமையா புஷ்பாகிட்ட காட்டினேன். எங்க கொண்டு போகச் சொன்னேனோ அங்க தான் மேடம் கொண்டு வந்து விட்டிருக்காங்க. அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. அம்மனை எடம் மாத்தினவன், மேடத்துக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

ரொம்ப வேர்க்குது உங்களுக்கு. துடைச்சிக்குங்க. டிஷ்யூவா? அதுல இருக்கும், முன்னாடி அந்த டேஷ்போர்டு டப்பால... இல்ல! இருங்க! அதைத் திறக்காதீங்க, நான் எடுத்துத் தர்றேன்... அதுல ஒண்ணும் இல்ல மாப்பிள்ளே, பழைய கார்டு, கிளிப்பு...

ஆமா.

ஆமா, அது என் போன் தான்.

வீட்டுல மறக்கல. சைலண்டுல போட்டு அதுக்குள்ள வெச்சிட்டேன். எத்தனை மிஸ்டு கால்? வேணாம், சொல்லாதீங்க. அமுதா தானே? புஷ்பாவுமா? குருவும்? ஐயோ... அவரு டாட்டா காட்டல போல. "அங்க போகாதீங்க"ன்னு தான் கையை ஆட்டியிருக்காரு.

அதுல மேப் கூட இருக்கு. கார்த்திகா நேத்தே போட்டுக் குடுத்துட்டா. "மாமா, கோயில் பேரை வெச்சிருக்கேன், இதை ஒரு தட்டு தட்டுங்க, போதும். யாருக்கும் சொல்ல மாட்டேன், உங்க மெஷினையும் பக்கத்துல வெச்சுக்குங்க"ன்னு சொன்னா. கல்யாணப் பொண்ணு! கையில மருதாணியை வெச்சுக்கிட்டு, ஒத்தை விரலால அழுத்தி அழுத்திப் பண்ணிக் குடுத்தா. நான் சரிம்மா சரிம்மான்னுட்டு, காலையில கொண்டாந்து இதுக்குள்ள போட்டு மூடிட்டேன்.

இன்னொண்ணும் இருக்கு மாப்பிள்ளே. இவ்வளவு தூரம் வந்தாச்சு, அதையும் சொல்லிடறேன். உங்களை அழைச்சிட்டு வர அமுதா ஒரு கார் ஏற்பாடு பண்ணியிருந்தா. வெள்ளைக் காரு, பெருசு, டிரைவர், ஏசி எல்லாம் ஜில்லுன்னு. காலையில நான் தான் அந்த டிரைவருக்குப் போன் போட்டு வேணாம்னு சொன்னேன். பொண்ணு வீட்டுல முடிவு மாறிடுச்சுன்னு பொய் சொன்னேன். அமுதாவுக்கு இன்னும் தெரியாது... இப்பத் தெரிஞ்சிருக்கும்.

ஏன்னு கேக்கறீங்க இல்ல? கேளுங்க. எனக்கே வெக்கமா இருக்கு. அவ எல்லார் முன்னாடியும் "அண்ணனை நம்பி மாப்பிள்ளையை விடாதீங்க"ன்னு சொன்னா பாருங்க, அது சுருக்குன்னு குத்திடுச்சு. போர்ட்ல இருந்தப்ப அத்தனை லோரிக்கும் நான் தான் வழி சொல்லுவேன் மாப்பிள்ளே. ஜோகூர் போறவன், பினாங்கு போறவன், எவனா இருந்தாலும் வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி, "அண்ணே, எப்படிப் போறது?"ன்னு என் ஜன்னல்ல வந்து நிப்பான். எந்தப் பாலம் தாழ்வு, எங்க வெள்ளம் ஏறும், எங்க போலீஸ் நிப்பான், எல்லாம் என் மண்டையில இருக்கும். ரிட்டையர் ஆனதுல இருந்து ஒருத்தன் என்கிட்ட வழி கேக்கல. எல்லார் கையிலயும் போன். வீட்டுல கூட, நான் வாயைத் திறந்து "அந்தப் பக்கம் போங்க"ன்னா, அவங்க கீழ குனிஞ்சு போனைப் பார்த்துட்டுத் தான் தலையாட்டறாங்க. என் மண்டைக்கும் அப்டேட் நின்னு போச்சுன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். இந்த ஒரு நாளாச்சும், என் கையால, என் வழியில, மாப்பிள்ளையைக் கொண்டு போய் இறக்கணும்னு ஆசைப்பட்டேன். அது தப்புங்களா? ...தப்பு தான். உங்க கல்யாணத்துல வந்து அந்த ஆசையைப் பட்டேன் பாருங்க, அது தப்பு.

மறுபடி அடிக்குது. அமுதா. நான் எடுக்க மாட்டேன் மாப்பிள்ளே, இந்தாங்க. நீங்க பேசுங்க. உள்ளதை உள்ளபடி சொல்லிடுங்க. அண்ணன் உங்களைக் கிடங்குக்குக் கூட்டிட்டு வந்துட்டான்னு சொல்லுங்க. ஐயர் கிட்ட கொஞ்சம் மெதுவா மந்திரம் சொல்லச் சொல்லுங்க. கார்த்திகா அழுதாளான்னு கேளுங்க... வேணாம், அதைக் கேக்காதீங்க.

...

...

என்ன மாப்பிள்ளே சொன்னீங்க?

ஜாம்னா சொன்னீங்க? ஹைவேயில லோரி கவுந்து கிடக்குன்னா? "மாமா கரெக்டாத்தான் ஓட்டறாரு அத்தே, அவரால தான் இவ்வளவு தூரமாச்சும் வந்தோம்"னா சொன்னீங்க?

ஏன் மாப்பிள்ளே? ஏன் அப்படிச் சொன்னீங்க? என்னைத் திட்டுங்க. "யோவ், என் கல்யாணத்தைக் கெடுத்துட்டியேய்யா"ன்னு ஒரு வார்த்தை கேளுங்க, எனக்கு மனசு ஆறும். இத்தனை வருஷத்துல என் தங்கச்சிக்கிட்ட எனக்காக எவனும் ஒரு வார்த்தை பேசினது இல்ல. புஷ்பா கூட அந்தப் பக்கம் தான். நீங்க வீட்டுக்குள்ள இன்னும் காலே வைக்கல... இருங்க, கண்ணுல வேர்வை போயிடுச்சு.

நெறைய நேரம் இல்ல. சரி. இறங்குங்க. இந்தாங்க சாவி, நீங்க ஓட்டுங்க. ஆமா, நீங்க தான். நான் இப்ப இருக்கற நெலைமையில ஓட்டினேன்னா கேரி ஐலண்டுல கொண்டு போய் விட்டுடுவேன். மாலையைக் கழட்டித் தாங்க, ஸ்டியரிங்ல மாட்டும், நான் மடியில வெச்சுக்கறேன். வேட்டியைத் தூக்கிச் சொருகிக்குங்க. பாய், ஓக்கே பாய், தெரிமா காசி, ரொம்ப நன்றி! மறுபடி சல்யூட் வைக்கிறாரு, நல்ல மனுஷன்.

பிரேக் கொஞ்சம் ஆழமா மிதிக்கணும். ரெண்டாவது கியர் முரண்டு பிடிக்கும், கொஞ்சினா விழும்.

போனை நான் பிடிச்சிக்கறேன். எந்த எடத்தைத் தட்டணும்? கார்த்திகா சொன்னாளே... இதா? ஆங், வந்துருச்சு, பேசறா. ஐயோ, மேடமும் கூடவே பேசறாங்களே! "மேக் எ யூ டர்ன்"னாம். அவங்களுக்கு இந்தக் கிடங்கை விட்டுக் கெளம்ப மனசு வரல. பிளக்கைப் பிடுங்கட்டுமா? ...வேணாம், சவுண்டை மட்டும் கொறைச்சுடறேன். இத்தனை வருஷம் கூட வந்தவங்க.

நான் என்ன நினைச்சேன்னா, கோயில் முக்குல நிறுத்தி சீட்டை மாத்திக்கலாம்னு. மாப்பிள்ளை தானே ஓட்டிட்டு வந்தா நாலு பேர் பேசுவாங்க, நானே கொண்டாந்து இறக்கின மாதிரி இருக்கும்... வேணாம் மாப்பிள்ளே. நேரா வாசலுக்கே போங்க. நீங்க எனக்காக ஒரு பொய் சொன்னது போதும். அமுதா கேட்டா நானே சொல்றேன். கார்த்திகா கையைப் பிடிச்சு உங்க கையில குடுக்கறப்ப, பக்கத்துல பொய்யை வெச்சுக்கிட்டு நிக்க முடியாது என்னால.

சரி, ஓட்டுங்க. நான் இனிமே வாயே திறக்க மாட்டேன். சத்தியமா. போன்ல அவ சொல்றது உங்களுக்குக் கேக்கணும்ல.

...

...

மாப்பிள்ளே, ரவுண்டபௌட்ல லெஃப்ட்டாம். 

இல்ல இல்ல, நான் சொல்லல. அவ தான் சொல்றா.